சாவுக்குக் காரணம் என்ன, சாவு நேர்ந்தது எப்படி: பிணவறை வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவம் கற்பித்தும், அதே வளாகத்துப் பிணவறையில் உடற்கூறாய்வு செய்தும் ஓய்வு பெற்றவன் நான். பிணவறைக்கு வெளியே ஒரு சிமெண்டுத் திண்ணை இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் மாறவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு நின்றுகொண்டே சொன்ன பதில்கள் பெரும்பாலும் அரைகுறையானவை என்பதால், அவற்றை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"சாவுக்குக் காரணம்னு ஒண்ணு சொல்றீங்க, எப்படிச் செத்தார்னு ஒண்ணு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

இரண்டும் வேறு. உடலுக்குள் எந்தக் காயமோ நோயோ நஞ்சோ உயிரைப் போக்கியது என்பது இறப்பின் காரணம். அந்தக் காயம் எந்தச் சூழ்நிலையில் நேர்ந்தது என்பது இறப்பின் தன்மை. தன்மையை இயற்கை மரணம், விபத்து, தற்கொலை, பிறரால் நேர்ந்த மரணம், தீர்மானிக்க இயலாதது என்று ஐந்தாகப் பிரிப்பது வழக்கம்.

காட்டுப்பன்றிக்காக வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வயலில் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் கம்பி பட்ட இடத்தில் சிறிய, விளிம்பு தடித்த, நடுவில் குழிந்த தீப்புண் இருக்கும். காரணம் மின்சாரம் தாக்கியது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் இருட்டில் வழி தவறி மிதித்தாரா, யாராவது தள்ளிவிட்டார்களா, வேறெங்கோ மின்சாரம் தாக்கி இறந்தவரை இங்கே கொண்டுவந்து போட்டார்களா என்பதை அந்தப் புண் சொல்லாது. மூன்றிலும் புண் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அப்போ கொலையா தற்கொலையான்னு டாக்டரே எழுதிக் கொடுத்துட வேண்டியதுதானே?"

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இறப்புச் சான்றிதழிலேயே தன்மைக்கென்று ஒரு கட்டம் உண்டு. உடற்கூறாய்வுக்குப் பொறுப்பான மருத்துவ அதிகாரி அதை நிரப்புகிறார். நம் நாட்டில் ஏற்பாடு வேறு. மருத்துவர் காரணத்தைச் சொல்வார். காயங்கள் உயிரோடு இருக்கும்போது ஏற்பட்டவையா, இன்ன ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கக் கூடுமா, தாமே செய்துகொள்ளக்கூடிய இடத்தில் இருக்கின்றனவா என்று கருத்தும் சொல்வார். தன்மையை முடிவு செய்வது விசாரணை அதிகாரி, நடுவர் (மாஜிஸ்திரேட்), கடைசியில் நீதிமன்றம். "இன்ன காயத்தால் இறந்திருப்பதாகத் தோன்றுகிறது" என்று எங்கள் உடற்கூறாய்வுச் சான்றிதழ் முடிவதைப் பார்த்துப் பலர், டாக்டருக்கே நிச்சயம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது காலங்காலமாக வரும் சட்ட நடை; தயக்கம் அல்ல.

இந்தப் பிரிவினை ஏன் தேவை என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. இந்தியாவில் பதிவான முதல் சட்டபூர்வ உடற்கூறாய்வு 1693 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் நடந்தது. செய்தவர் எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவர். இறந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஜேம்ஸ் வீலர். அவருக்கு மருந்து கொடுத்த சாமுவேல் பிரௌன் முத்தைப் பொடித்துத் தரச் சொல்லியிருந்தார். முன்பு பாஷாணம் (ஆர்சனிக்) இடித்த கல்வத்திலேயே அது பொடிக்கப்பட்டுவிட்டது. பிரௌன் தானே வீலரைக் கொன்றுவிட்டதாக எழுதிக் கொடுத்தும், ஜூரிகள் வழக்கை ஏற்காமல் அவரை விட்டுவிட்டார்கள். காரணம் பாஷாணம் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. வாதம் முழுவதும் தன்மையைப் பற்றியதுதான். அதற்கு விடை கல்வத்தில் இருந்ததே தவிர உடலுக்குள் இல்லை.

"எல்லாச் சாவுக்கும் போஸ்ட்மார்ட்டம் கட்டாயமா?"

இல்லை. நோயாளியாக இருந்து, சிகிச்சை அளித்த மருத்துவருக்குக் காரணம் தெரிந்து, ஐயமின்றி நேர்ந்த மரணத்துக்கு அவரே சான்றிதழ் தரலாம். தற்கொலை, கொலை, விபத்து, விலங்கு அல்லது இயந்திரத்தால் நேர்ந்த மரணம், குற்றம் நடந்திருக்கலாம் என்று ஐயம் தரும் மரணம் ஆகியவை காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டியவை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் பதிவான இவை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் பதிவாகின்றன. ஸ்டேஷனில் இன்னும் பழக்கத்தில் "ஒன் செவன்டி ஃபோர்" என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பிரிவின்படி காவல் அதிகாரி சம்பவ இடத்துக்குச் சென்று, அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மதிப்புக்குரிய இரண்டு பேருக்குக் குறையாதவர்கள் முன்னிலையில் உடலைப் பார்த்துக் காயங்களைக் குறித்து அறிக்கை எழுத வேண்டும். இதைத்தான் பிரேத விசாரணை என்கிறோம். காரணத்தில் ஐயம் இருந்தாலோ, உறவினர் கேட்டாலோ, திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இறந்திருந்தாலோ உடல் மருத்துவரிடம் அனுப்பப்படும்.

"எங்களுக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல. அறுக்காம கொடுத்துடுங்கன்னா கொடுப்பீங்களா?"

கொடுக்க இயலாது. சட்டத்தின் கீழ் நடக்கும் உடற்கூறாய்வுக்கு உறவினரின் சம்மதம் தேவையில்லை. அனுப்புவது காவல்துறை, கட்டுப்பட்டவர் மருத்துவர். மிகவும் கெஞ்சிக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் பெற்றவர்கள் என்பதும், மிகச் சில வேளைகளில் விரைவாக எரித்துவிட வேண்டிய அவசரம் உள்ளவர்கள் என்பதும் அனுபவத்தில் தெரியும். திண்ணையில் பார்த்து அவர்களைப் பிரித்தறிய முடியாது. அதனால்தான் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது.

தலை, மார்பு, வயிறு ஆகிய மூன்று பகுதிகளும் திறக்கப்பட வேண்டும். காரணம் மார்பிலேயே கிடைத்துவிட்டாலும் தலையைப் பார்க்காமல் விடக்கூடாது. தலையில் வெட்டு காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வழியாகப் போவதால், தைத்த பிறகு முகத்தில் ஒன்றும் தெரியாது. உறுப்புகளைத் திருடிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. இறந்து பல மணி நேரம் ஆன உடலின் சிறுநீரகமோ இதயமோ யாருக்கும் பொருத்தப் பயன்படாது.

"ராத்திரியில பண்ண மாட்டாங்களாமே?"

காயத்தின் நிறத்தைச் செயற்கை வெளிச்சத்தில் தவறாகக் கணிக்க நேரும் என்பதால் அந்த வழக்கம் வந்தது. போதிய விளக்கு வசதி உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவை சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய இரவில் செய்யப்படக் கூடாது என்று அதிலேயே விலக்கும் இருக்கிறது.

"அறுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு மணி நேரம் ஆகுது. உள்ள என்னதான் பார்க்குறீங்க?"

என் மாணவர்களிடம் நான் சொல்லிவந்தது, கத்தியை எடுப்பதற்குள் பாதி விடை கிடைத்திருக்க வேண்டும் என்பது. முதலில் காவலர் கொண்டுவந்த தாள்களைப் படிக்கிறோம்: உடல் எந்த நிலையில் கிடந்தது, கதவு உள்ளே தாழிட்டிருந்ததா, பக்கத்தில் என்ன இருந்தது. பிறகு உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையின் கிழிசலும் உடலின் காயமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறோம். கத்திக்குத்து மார்பில் இருக்க, பனியனில் கிழிசலே இல்லை என்றால், அங்கேயே ஒரு கேள்வி பிறந்துவிடுகிறது.

கைகளில் நேரம் செலவழிப்போம். தடுக்கும்போது உள்ளங்கையிலும் முன்கையின் வெளிப்புறத்திலும் விழும் வெட்டுகள், தாக்குதல் நடந்ததைச் சொல்லும். தாமே வெட்டிக்கொண்டவர்களிடம், ஆழமான வெட்டுக்குப் பக்கத்தில், தயங்கித் தயங்கிக் கீறிய மெல்லிய கோடுகள் பல இருப்பதுண்டு. நகங்களுக்கு அடியில் இருப்பதைச் சுரண்டி எடுத்து உறையில் போடுகிறோம். அது வெறும் மண்ணாகவும் இருக்கலாம், இன்னொருவரின் தோலாகவும் இருக்கலாம்.

"எத்தனை மணிக்கு உயிர் போச்சுன்னு கரெக்டா சொல்ல முடியுமா?"

முடியாது. ஒரு கால இடைவெளியைத்தான் சொல்ல முடியும். "ஆய்வுக்கு முன் 12 முதல் 24 மணி நேரத்துக்குள்" என்பது போல. சினிமாவில் உடலைத் தொட்டுப் பார்த்து "இரவு பத்தே காலுக்கு" என்று சொல்லும் மருத்துவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

குளிர்ந்த நாட்டுப் பாடநூல்கள் உடலின் வெப்பம் குறைவதை முதல் அளவுகோலாக வைக்கின்றன. சித்திரை வெயிலில் வேலூரில் ஓட்டு வீட்டுக்குள் காற்றே 38, 40 பாகை இருக்கும்போது உடல் எதை நோக்கிக் குளிரும்? ஆகவே இங்கே வேறு குறிகளைச் சேர்த்துப் பார்க்கிறோம். பிண விறைப்பு நம் வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இமையிலும் தாடையிலும் தொடங்கி, கழுத்து, கை, கால் என்று இறங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குள் உடல் முழுவதும் பரவி, கோடையில் 18 முதல் 36 மணி நேரத்துக்குள் விலகிவிடும். ஓடிய பிறகோ வலிப்பு வந்தோ இறந்தவரிடம் அது முன்னதாகவே வரும். அழுகலின் முதல் பச்சை, அடிவயிற்றின் வலப்புறத்தில், கோடையில் 12 முதல் 18 மணி நேரத்தில் தெரியத் தொடங்கும். அதற்கும் பிறகு ஈக்களும் புழுக்களும்தான் கடிகாரம். ஈ முட்டையிட்டு, புழுவாகி, கூடாகும் நாட்களைப் பின்னோக்கி எண்ணலாம்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஏமாற்றக்கூடியவை. அதிலும் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் மொத்தக் கணக்கும் கலைந்துவிடும். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, கடைசி அழைப்பு எப்போது, பால் பாக்கெட் எடுக்கப்பட்டிருந்ததா என்று காவலர் கேட்டுவரும் விவரங்கள் எங்கள் இடைவெளியைப் பலமுறை சுருக்கியிருக்கின்றன.

"முதுகு பூரா நீலம் பாய்ஞ்சிருந்துச்சு, வாயில நுரை தள்ளியிருந்துச்சு. விஷம்தானே?"

அந்த இரண்டையும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இதயம் நின்ற பிறகு இரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்துக்கு இறங்கி, தோலில் நீலச் சிவப்பாகத் தெரியும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகில், தொங்கியவருக்குக் கால்களிலும் கைகளிலும். எல்லா உடலிலும் இது வரும். சில மணி நேரத்துக்குப் பிறகு அங்கேயே நிலைத்துவிடும். அடிபட்டதாக உறவினர்கள் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வருவதில் பெரும்பகுதி இதுதான். இரத்தக்கட்டு என்றால் கீறிப் பார்க்கும்போது திசுவுக்குள் இரத்தம் உறைந்திருக்கும், கழுவினால் போகாது. இறங்கிய இரத்தம் நாளங்களுக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போய்விடும். மல்லாந்து கிடந்த உடலின் நெஞ்சில் இந்த நிறம் இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். இறந்த சில மணி நேரம் கழித்து உடலை யாரோ திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

நுரை பூச்சிமருந்திலும் வரும், நீரில் மூழ்கினாலும் வரும், இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் வரும்.

"சர்டிபிகேட்ல 'இதயமும் சுவாசமும் நின்றதால்'னு போட்டிருக்காங்க. ஹார்ட் அட்டாக்கா?"

இல்லை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டு வரும் நோய். அது ஒரு காரணம். இதயமும் சுவாசமும் நிற்பது எல்லாச் சாவிலும் நடப்பது. அதைக் காரணம் என்று எழுதுவது, பேருந்து ஏன் வரவில்லை என்று கேட்டால் சக்கரம் சுழலவில்லை என்று சொல்வதைப் போன்றது. மருத்துவர்களே செய்யும் தவறு இது. இளைய மருத்துவர்களிடம் நான் அதிகமாகக் கோபப்பட்டதும் இதற்குத்தான்.

சரியாக எழுதப்பட்ட சான்றிதழ் ஒரு சங்கிலி. மேல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, அதற்கும் கீழே எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அடிப்படைக் காரணம். புள்ளிவிவரத்துக்கும் வழக்குக்கும் முக்கியமானது கடைசி வரி. துணைபோன நோய்களுக்குத் தனிப் பகுதி உண்டு.

"கால் தரையில பட்டுக்கிட்டு இருந்துச்சே, அது எப்படித் தூக்கு ஆகும்?"

என்னிடம் அதிக முறை கேட்கப்பட்டது இந்தக் கேள்விதான். செய்தித்தாள்களிலும் "கால் தரையில் இருந்ததால் சந்தேகம்" என்று வந்துகொண்டே இருக்கிறது. கழுத்து நாளங்கள் அடைபடுவதற்கு உடலின் முழு எடையும் தேவையில்லை என்பதால், கால் தரையில் பட்ட நிலையிலும் இந்த மரணம் நேரும். ஆகவே கால் தரையில் இருந்தது என்பதால் மட்டும் கொலை ஆகிவிடாது. ஆனால் அதைச் சொல்பவரை நான் ஒருபோதும் தட்டிக்கழித்ததில்லை. பதில் கழுத்தில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் பேசக்கூடாது.

கழுத்தைக் கடைசியில்தான் திறப்போம். முதலில் மூளையையும் மார்பு உறுப்புகளையும் எடுத்துவிட்டால் கழுத்திலுள்ள இரத்தம் இரண்டு பக்கமும் வடிந்துவிடும். அவசரப்பட்டு முதலில் கழுத்தைக் கீறினால் கசியும் இரத்தம் தசைக்குள் ஊறி, இல்லாத காயம் இருப்பதுபோலக் காட்டும். வடிந்த பிறகு தோல், தசை என்று ஒவ்வோர் அடுக்காக, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல விலக்கிப் பார்க்கிறோம். தூக்கில் தடம் பொதுவாகக் கழுத்தின் மேற்பகுதியில், சாய்வாக, முடிச்சுப் பக்கம் விட்டுப்போய் இருக்கும். உள்ளே தசைக் காயம் குறைவு. கழுத்தை நெரித்ததில் தடம் கீழே, கிடையாக, சுற்றிலும் முழுமையாக இருக்கும். தசைகளில் இரத்தக்கட்டு, நகக் கீறல், முகத்திலும் கண்ணிலும் இரத்தப் புள்ளிகள் இருக்கும். உயிரோடு தொங்கியவரின் வாயோரத்திலிருந்து உமிழ்நீர் வழிந்து சட்டையில் காய்ந்த கறையாக இருப்பது எங்களுக்குப் பெரிய சான்று.

கழுத்தில் நாக்குக்கு அடியில் இருக்கும் நாவடி எலும்பு உடைந்திருந்தால் கொலைதான் என்று தொலைக்காட்சி விவாதங்களில் அடித்துச் சொல்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் அது தூக்கிலும் உடையும். இளைஞர்களிடம் நெரித்தாலும் உடையாமல் இருக்கும். தனியாக நின்று அது எதையும் நிரூபிக்காது. கயிற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: முடிச்சை ஒருபோதும் அவிழ்ப்பதில்லை. முடிச்சிலிருந்து விலகி வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் நூலால் இணைத்துக் கட்டி, முத்திரையிட்டுக் கொடுக்கிறோம். அது எந்தக் கைப்பழக்கம் உள்ளவர் போட்ட முடிச்சு என்பது பின்னாளில் யாருக்காவது தேவைப்படும்.

"கிணத்துல மிதந்தா. தண்ணியில விழுந்து செத்தாளா, அடிச்சுப் போட்டாங்களா?"

மூழ்கும்போது மூச்சிழுத்தவரின் நுரையீரல் உப்பி, விலா எலும்பின் அச்சு பதிந்து, வெட்டினால் நுரை கலந்த நீர் வழியும். வாயிலும் மூக்கிலும் நுண்ணிய வெள்ளை நுரை வரும். துடைத்தாலும் மறுபடி வரும். கையில் பாசியோ புல்லோ இறுகப் பிடித்திருந்தால், கடைசி நொடியில் அவர் உயிரோடு இருந்தார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. நீரில் வாழும் டயாட்டம் என்ற நுண்பாசியை எலும்பு மச்சையில் தேடுவதும் உண்டு. கூடவே அதே கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் அனுப்ப வேண்டும். இந்தச் சோதனையின் நம்பகத்தன்மை பற்றித் துறைக்குள் நீண்ட விவாதம் இருப்பதால், நான் அதைத் துணைச் சான்றாக மட்டுமே வைத்தேன்.

இவ்வளவும் கிடைத்தாலும் மூழ்கி இறந்தார் என்ற காரணம்தான் கிடைக்கிறது. தவறி விழுந்தாரா, குதித்தாரா, தள்ளினார்களா என்பது முதல் பதிலில் சொன்ன மின்வேலியைப் போலத்தான். தலையில் காயம் இருந்தால் அது கிணற்றுச் சுவரிலோ மோட்டார் குழாயிலோ மோதியதாகவும் இருக்கலாம் என்பதால், கிணற்றை நேரில் போய்ப் பார்த்த பிறகே கருத்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒருமுறை, மண்டையின் பின்புறம் இருந்த பிளவுக்கு விடை, கிணற்றுக்குள் பதினைந்தடி கீழே துருத்திக்கொண்டிருந்த ஒரு படிக்கல்லில் ஒட்டியிருந்த முடியில் கிடைத்தது.

"எரிஞ்சு போன உடம்புல என்ன தெரியப்போகுது? கை ரெண்டும் குத்துச்சண்டை போடுற மாதிரி இருந்துச்சே?"

அந்த முஷ்டி சண்டையின் அடையாளம் அன்று. வெப்பத்தில் தசைப்புரதம் சுருங்கும்போது முழங்கையும் முழங்காலும் மடங்கும். இறந்த பிறகு எரிக்கப்பட்ட உடலிலும் அப்படியே வரும். வெப்பத்தால் தோல் வெட்டுப்பட்டது போலப் பிளப்பதும், மண்டையோடு வெடிப்பதும் உண்டு.

தெரிய வேண்டியது மூச்சுக்குழாயில் இருக்கிறது. தீப்பிடித்தபோது உயிரோடு இருந்தவர் புகையை உள்ளிழுத்திருப்பார். குழாயின் உள்சுவரில் கரி படிந்திருக்கும், இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். குழாய் சுத்தமாக இருந்து, கழுத்துத் தசையில் இரத்தக்கட்டும் இருந்தால், தீ எதை மறைக்க வைக்கப்பட்டது என்ற கேள்வி எழும்.

"விசரா எடுத்து அனுப்பியிருக்கோம்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன?"

நஞ்சு இருக்கலாம் என்றோ காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றோ தோன்றினால், இரைப்பை, அதிலுள்ளது, சிறுகுடலின் மேற்பகுதி, கல்லீரலில் ஒரு துண்டு, இரண்டு சிறுநீரகங்களிலும் பாதி, இரத்தம் ஆகியவற்றைத் தனித்தனிப் பாட்டில்களில் எடுத்து இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். பெரும்பாலானவற்றில் உறுப்பு கெடாமல் இருக்க ஊற்றப்படுவது சமையல் உப்பின் செறிந்த கரைசல்தான், ஊறுகாயின் தத்துவம். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, வாயு உண்டாகி மூடி தெறித்துவிடும். அந்த உப்புக் கரைசலிலேயே நஞ்சு இருந்தது என்று பிறகு யாரும் சொல்லாமல் இருக்க, வெறும் கரைசல் ஒரு பாட்டில் கூடவே போகும்.

இந்த வேலை இங்கே புதியதன்று. சென்னை மாகாண அரசின் இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் 1849இல் தொடங்கியது. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை. அறிக்கை வரும்வரை எங்கள் சான்றிதழில் "இரசாயனப் பரிசோதனை அறிக்கைக்காகக் கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்று இருக்கும். அது மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதுதான் குடும்பங்களுக்குப் பெரிய வேதனை. அவர்களுடைய கோபம் நியாயமானது.

"விசராவுல விஷம் இல்லைன்னு வந்துடுச்சு. அப்போ விஷம் குடிக்கலையா?"

அப்படி முடிவு கட்டிவிட முடியாது. "கண்டறியப்படவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் வேறு சொற்கள். மருத்துவமனையில் நாட்கணக்கில் சிகிச்சை பெற்று இறந்தவரின் உடலிலிருந்து நஞ்சு வெளியேறியோ சிதைந்தோ போயிருக்கும். எலி பேஸ்ட் தின்றவர்கள் சில நாள் நன்றாக இருப்பது போலிருந்து, பிறகு கல்லீரல் கெட்டு இறப்பதுண்டு. அப்போது பேசுவது மருத்துவமனைக் குறிப்பும், சேர்த்த அன்றே எடுத்துவைத்த இரத்தமும், கல்லீரலின் நிலையும்தான். எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்கு எழுதாமல் "நஞ்சு உண்டா" என்று மட்டும் கேட்டு அனுப்பினால், வழக்கமான சோதனைகளோடு நின்றுவிடும் அபாயமும் உண்டு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. அதிலிருந்த மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. இப்படிப்பட்ட சாவில் மெத்தனாலே காற்றில் ஆவியாகிவிடக் கூடியது. இரத்தத்தைச் சோடியம் ஃபுளோரைடு சேர்த்து, காற்றுப்புகாமல் மூடி, விரைவில் அனுப்ப வேண்டும். தாமதமாக இறந்தவரிடம் மெத்தனால் போய்விட்டிருக்கலாம், அமிலம் இருக்கும். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கே கிடைக்கும்.

"ஏழு வருஷத்துக்குள்ள பொண்ணு செத்தா ஆர்.டி.ஓ. ஏன் வர்றார்? போலீஸ் போதாதா?"

வரதட்சணைக் கொடுமையைத் தற்கொலை என்றோ அடுப்பு வெடித்தது என்றோ மூடிவிடாமல் இருக்க, காவல்துறைக்கு வெளியே உள்ள ஒருவரின், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரின் (ஆர்.டி.ஓ.), விசாரணை தேவை என்று சட்டம் கருதுகிறது. இங்கே இறப்பின் தன்மை பற்றிய வழக்கமான பிரிவுகள் வளைந்துகொடுக்கின்றன. தற்கொலை என்றே உறுதியானாலும், இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமை நடந்தது நிரூபணமானால், அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி வரதட்சணை மரணம். ஆகவே டாக்டர் தூக்கு என்று எழுதிவிட்டார், கேஸ் போச்சு என்று பெற்றோர் எழுந்து போய்விட வேண்டியதில்லை.

காவலில் இருந்தவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பதும் இதே நோக்கத்தில் வந்த விதி. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் இருக்கிறது.

"ஆக்சிடென்ட் ஆகி ஒரு மாசம் கழிச்சு வீட்லயே செத்தார். அது விபத்துச் சாவா, நோய்ச் சாவா?"

மேலே சொன்ன சங்கிலியைப் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். தொடை எலும்பு முறிந்து படுத்தவருக்குக் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரல் குழாயை அடைத்திருந்தால், உடனடிக் காரணம் கட்டி, அடிப்படைக் காரணம் விபத்து. இடையில் ஒரு மாதம் ஓடியது சங்கிலியை அறுப்பதில்லை. உடற்கூறாய்வு செய்யாமல் எரித்துவிட்டால் இந்தத் தொடர்பை நிரூபிப்பது மிகக் கடினம். இழப்பீட்டு வழக்குகள் பல இங்கேதான் விழுகின்றன. நேர்மாறாகவும் நடக்கும்: பைக்கிலிருந்து விழுந்தவருக்குச் சிராய்ப்புகள் மட்டும் இருந்து, இதயக் குழாயில் புதிய அடைப்பு இருந்தால், அவர் விழுந்ததால் இறக்கவில்லை, மாரடைப்பு வந்ததால் விழுந்தார்.

சண்டையில் தள்ளிவிடப்பட்ட இதய நோயாளி அங்கேயே சாய்ந்தால் என்ன என்று வழக்கறிஞர்கள் கேட்பார்கள். நோய் இருந்ததையும், சண்டைக்கும் சாவுக்கும் இடைப்பட்ட நேரத்தையும், காயத்தின் அளவையும் மருத்துவர் எழுதலாம். மருத்துவத்தில் "பிறரால் நேர்ந்த மரணம்" என்பது வேறு, சட்டத்தில் கொலை என்பது வேறு; கொலைக்கு நோக்கமோ அறிவோ தேவை, அதை எந்தக் கத்தியாலும் வெட்டி எடுத்துக் காட்ட முடியாது.

"புதைச்ச பிறகு தோண்டி எடுத்தா ஏதாவது கிடைக்குமா? ரெண்டாவது தடவை அறுத்தா?"

நடுவரின் உத்தரவின் பேரில் தோண்டலாம். நம் நாட்டில் இத்தனை ஆண்டுகளுக்குள் என்ற வரம்பு இல்லை. எலும்பு முறிவும் குண்டும் எத்தனை காலம் ஆனாலும் கிடைக்கும். பாஷாணம் போன்ற உலோக நஞ்சு முடியிலும் நகத்திலும் எலும்பிலும் நிற்கும். மண்ணிலிருந்தே ஏறியது என்ற வாதம் வரும் என்பதால், உடலுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் மண் எடுத்து, சற்றுத் தொலைவிலிருந்தும் எடுத்து ஒப்பிடுவோம். தசைக் காயமும் கழுத்தின் நுண்ணிய இரத்தக்கட்டும் அழுகிப் போயிருக்கும். எரித்தால் ஒன்றும் இல்லை.

மறு ஆய்வில் முதல் மருத்துவர் வெட்டிய பிறகுள்ள உடல்தான் கிடைக்கும். அவர் கழுத்தை அடுக்கடுக்காகப் பார்க்காமல் விட்டிருந்தால், அதை இரண்டாமவரால் மீட்க முடியாது. ஆகையால் முதல் ஆய்வின் படங்களையும் வீடியோவையும் கேட்டு வாங்குவது மறு ஆய்வுக்காகப் போராடுவதைவிடச் சில சமயம் பலன் தரும்.

"பார்த்த சாட்சி ஒண்ணு சொல்றார், டாக்டர் ரிப்போர்ட் வேற சொல்லுது. கோர்ட் எதை எடுத்துக்கும்?"

சான்றிதழ் தாளாக மட்டும் சாட்சியம் ஆகாது. எழுதியவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். நம்பத்தகுந்த நேரடி சாட்சி இருந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக அதற்கே முதலிடம் தருகின்றன. சாட்சி சொன்னபடி நடந்திருக்கவே முடியாது என்று மருத்துவச் சான்று காட்டும்போதுதான் நிலைமை மாறும். சாட்சி "கம்பால் அடித்தான்" என்று சொல்ல, காயம் கூர்மையான வெட்டாக இருந்தால் அது மாறும். மூன்று அடி என்றதற்கு நான்கு காயம் இருந்தால் மாறாது. மண்டையோட்டின் மேல் இருக்கும் தோல் மழுங்கிய அடியிலும் வெட்டியது போலவே பிளக்கும் என்பதால், விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்து, குறுக்கே திசு இழைகள் ஓடுகின்றனவா (ஓடினால் அது மழுங்கிய அடி) என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக ஒரு முழு மதியம் கூண்டில் நின்றிருக்கிறேன்.

"எல்லாம் பார்த்த பிறகும் தெரியலைன்னு எழுதுவீங்களா?"

எழுதுவோம், எழுதியிருக்கிறேன். உறுப்புகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை, நுண்ணோக்கியிலும் இல்லை, நஞ்சும் இல்லை என்ற நிலை நூறு ஆய்வுகளில் இரண்டு முதல் ஐந்து வரை வரலாம் என்று பாடநூல்களே சொல்கின்றன. இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து நேரும் சில மரணங்கள் உறுப்பில் தடம் விடுவதில்லை. சில வலிப்பு மரணங்களும் அப்படித்தான். ஆற்று மணலில் கிடைத்த எலும்புக்கூட்டில் வெட்டோ முறிவோ இல்லை என்றால், ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது, என்ன உயரம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வரியை எழுதும்போது அறைக்கு வெளியே இருந்து வரும் அழுத்தம் அதிகம். ஒருவர் மாரடைப்பு என்று போடச் சொல்வார், இன்னொருவர் விஷம் என்று போடச் சொல்வார். இருவரும் தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக நம்புவார்கள். திண்ணையில் இருந்த ஒரு தாய், "தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க சார், பொய்யா ஒண்ணைப் போட்டுட்டா அப்புறம் யாரும் தேட மாட்டாங்க" என்றார். அவருடைய மகனின் சான்றிதழில் "காரணம் தீர்மானிக்க இயலவில்லை" என்றுதான் இருக்கிறது. எடுத்துவைத்த திசுத் துண்டுகள் மெழுகில் பதித்தபடி நான் ஓய்வு பெற்ற நாளிலும் துறை அலமாரியில் இருந்தன.